நடுவில் நிற்பது

ஒளிமானியின் முள் ஒரு கோடு குறைவாகக் காட்டியது.

குற்றம் பேட்டரியில்தான் என்று பொன்னுமணி நினைத்தாள். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்த வீட்டுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. அவள் கணவன் காசிராஜன் போடியில் சார்ஜ் ஏற்றி ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிய பேட்டரியில்தான் மேசை மேலிருந்த வெளிச்சப்பெட்டி எரிந்தது. சாய்வுப்பலகை போன்ற பெட்டி; முகத்தில் பால்நிறக் கண்ணாடி, உள்ளே பல்பு. நட்சத்திர ஒளி பதிந்த கண்ணாடித் தட்டை அதன் மேல் பொருத்தி, நுண்ணோக்கியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அவள் அளப்பாள். பல்பு மங்கினால் கணக்குப் பிசகும். அதனால் வேலைக்கு உட்காருமுன், எதிர்ச்சுவரில் வாசல்நிலையை ஒட்டி இருந்த ஆணியில் ஒளிமானியை மாட்டி, தன் நிழல் விழாதபடி விலகி நின்று, முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்வாள்.

மானியைக் கழற்றிக்கொண்டு வந்து பெட்டிக் கண்ணாடியின் மேலேயே வைத்தாள். அங்கே முள் வழக்கமான இடத்தில் நின்றது. திரும்பவும் ஆணியில் மாட்டினாள். ஒரு கோடு குறைவு.

பெட்டியிலிருந்து வெளிச்சம் முழுசாகத்தான் கிளம்புகிறது. ஆணிக்கு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் காணாமல் போகிறது. நடுவில் இருப்பதோ அவள் நாற்காலியும் சிமெண்டுத் தரையும் வெறும் காற்றும்.

"புகை," என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னாள்.

புகைக்குக் குறைவில்லாத வீடுதான். பக்கச்சுவரை ஒட்டியே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். ஐப்பசி மழையில் பறித்த பச்சைக் காய் சட்டங்களில் பரப்பிக் கிடக்க, கீழே அடுப்பும் அடுப்பிலிருந்து அறையைச் சுற்றி ஓடும் தகரக் குழாயும் சூடு தணியாமல் கிடக்கும். அந்தச் சூட்டில் காய் வியர்த்து விடுகிற வாசம் முதலில் இனிப்பாகவும் பிறகு தொண்டைக்குள் கற்பூரம் போலக் குளிர்ச்சியாகவும் இறங்கி, சேலையில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில் ஊறி, சில நாளில் வாசமென்றே தெரியாமல் மூச்சாகவே ஆகிவிடும். மழை நின்ற நேரத்தில்கூட மழைச்சத்தம் நிற்பதில்லை. ஏலச்செடிக்கு நிழல் தரும் பெருமரங்கள் இலையில் தேக்கிய நீரை மெல்ல மெல்லச் சொட்டிக்கொண்டே இருக்கும், யாரோ வெறுங்காலோடு சருகில் நடந்து வந்து, நின்று, மறுபடி நடப்பதுபோல. மத்தியானம் தாண்டினால் மேகம் சரிவில் ஏறி வந்து ஜன்னல்களைச் சாம்பலாக்கிவிடும். அதன்பின் வெளிச்சப்பெட்டி ஒன்றே அந்த வீட்டுக்குச் சூரியன்.

ஸ்டோருக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அடுப்பைக் கவனித்துக்கொள்ளும் ராக்கு, மூங்கில் குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"புகை உள்ள வருதா ராக்கு அக்கா?"

"இங்ஙன வெறகே புடிக்கல, புகைக்கு எங்க போறது!" ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்த்தா, அம்புட்டுத் தூரத்துல கெடக்குற நட்சத்திரத்துல இரும்பு இருக்கா பித்தள இருக்கான்னு உக்காந்த எடத்துல சொல்லிப்புடுறீக. இந்த அடுப்பு ஏன் எரிய மாட்டேங்குதுன்னு சொல்லுங்க பாப்பம்."

"வெறகு ஈரமா இருக்கும்."

"ஆத்தாடி! இதுக்குத்தான் இம்புட்டுப் படிப்பாக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது முன்னறையில் புகை இல்லை. முள் அப்படியேதான் நின்றது.

காசிராஜன் போடிக்குப் போய் நாலைந்து நாளாகியிருந்தது. காய்ந்த காயை மூட்டைகளாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏலத்துக்குப் போயிருந்தான். "லோடு எறக்கி, ஏலம் முடிஞ்சதும் வெரசா வந்துர்றேன்," என்றான் கிளம்பும்போது. "தனியா இருக்க பயமா இருக்குமா?"

"எனக்கென்ன பயம். நீங்க நாலு நாளு கழிச்சு வந்தா நாலு தட்டு கூடுதலா முடிப்பேன்."

"அப்ப மழையே பெய்யட்டும்ங்கிற," என்று சிரித்தான். அன்று சாயங்காலமே பெய்யத் தொடங்கியது. மறுநாள் மெட்டுப் பாதையில் மண் சரிந்து ரோடு விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, பறிப்பு ஆட்களும் தங்கள் குடியிருப்பு லயத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் செய்தி கேட்டதும் தனக்குள் எழுந்த சந்தோஷத்தைப் பொன்னுமணி வெட்கத்தோடுதான் கவனித்தாள். சின்ன வயசிலிருந்தே அவள் ஆசை ஒன்றுதான்: யாரும் தன்னைக் கூப்பிடாத ஒரு அறை. கொஞ்ச நேரம் எல்லாருக்கும் இல்லாமல் போய்விட வேண்டும். இருட்டில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிற படிப்பை அவள் எடுத்ததுகூட அதனால்தானோ என்னவோ.

இப்போது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். வேறொரு மலையின் பெரிய தொலைநோக்கியில் எடுத்த தட்டுகளில் அதன் வெளிச்சம் நீளமாகப் பிரிந்து, நடுநடுவே நூல் நூலாகக் கோடுகளோடு பதிந்திருந்தது. நட்சத்திரத்தின் மேற்புற ஆவியில் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிவிடும். விழுங்கியதை அளந்தால் அங்கே எது எவ்வளவு இருக்கிறதென்று சொல்லலாம். ஆதியில் பிறந்த நட்சத்திரங்களுக்குள் உலோகமே கிடையாது. அவை எரிந்து, செத்து, சிதறிய சாம்பலில்தான் கனமான தனிமங்கள் வந்தன, அந்தச் சாம்பலில் அடுத்த தலைமுறை பிறந்தது, அதுவும் செத்தது. பால்வீதியே இப்படித்தான் சாவுக்குச் சாவு கனத்துக்கொண்டு வந்திருக்கிறது. இந்த நட்சத்திரம் மட்டும் கணக்குக்குள் அடங்கவில்லை. இரும்பு துளிதான், ஆகவே ரொம்பப் பழையது. ஆனால் பேரியம் என்ற கனத்த தனிமம் கொட்டிக் கிடந்தது. தானாக அதைச் சமைக்கிற வயிறு அதற்கு இல்லை. பக்கத்தில் இதற்கு ஜோடியாக ஒரு நட்சத்திரம் இருந்து, செத்துப்போகும்போது தன்னிடமிருந்ததை இதன் மேல் கொட்டியிருக்க வேண்டும் என்பது அவளுடைய பேராசிரியரின் ஊகம்.

அதை நிரூபிக்கிற அளவுகளைத் தை பிறக்குமுன் கொடுத்தாக வேண்டும். தவறினால் உதவித்தொகை நிற்கும். தட்டுகள் வேறு கைக்குப் போகும். அதன்பிறகு அவள் காசிராஜனின் இரண்டாம் பெண்சாதி, அவ்வளவுதான். பொன்னுமணி என்று ஒருத்தி தனியாக இருந்தாள் என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சாகப்போகும் பெயரை விட்டால் வேறு சாட்சி இல்லை.

மறுநாள் முள் இன்னும் இறங்கியிருந்தது.

அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்குமுன் அளந்துவிட வேண்டும் என்று பழகியவள். மானியைக் கையில் எடுத்து, எதிர்ச்சுவரோடு ஒட்டி, அடி அடியாக நகர்த்தினாள். ஜன்னல் ஓரம் முழு வெளிச்சம். சமையலறைப் பக்கம் முழு வெளிச்சம். வாசல்நிலைக்கு அருகில் மட்டும் குறைவு. அங்கேயே மேலும் கீழும் நகர்த்தினாள். தரையிலிருந்து குறைவு, முழங்கால் உயரத்தில் குறைவு, இடுப்பில் குறைவு. அவள் காதுக்கு மேலே தூக்கினாள். முள் துள்ளி முழு வெளிச்சத்துக்குப் போனது.

கையை மெல்ல இறக்கினாள். ஓர் இடத்தில் குறைவு குறுகியது. அதற்கு மேல் மறுபடி கொஞ்சம் அகன்று, உருண்டு முடிந்தது.

கழுத்து. தலை.

மானியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். தண்ணீரில் ஏலக்காய் மணத்தது.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கோடு மங்கலாகப் பரந்திருக்கலாம், ஒடுங்கிக் கறுத்திருக்கலாம். எப்படி இருந்தாலும் அது தின்ற வெளிச்சத்தையெல்லாம் திரட்டி, துளியும் ஒளி விடாத ஒரே கறுப்புப் பட்டையாக மாற்றி, அந்தப் பட்டையின் அகலத்தைச் சொல்வார்கள். கை தானாகவே பென்சிலை எடுத்தது. வாசலருகே காணாமல் போகிற வெளிச்சத்தைத் திரட்டினாள். ஒரு விரல் அகலம் வந்தது.

அடுத்த நாள் நாலு விரல். பிறகு ஒரு சாண்.

ஓர் ஆளின் அகலம் ரெண்டு சாண் இருக்கும்.

அன்று மத்தியானம் ராக்கு சோறு போட்டாள். ஸ்டோர் வாசலில் ஒரு வாழையிலைத் துண்டில், செத்துப்போன மூத்த பெண்சாதிக்கென்று முதல் கரண்டியை வைத்துவிட்டு வந்து பரிமாறினாள். பொன்னுமணி அதைப் பார்த்தும் பாராதது போல் இருந்தாள்.

"எளையவ மட்டும் தின்னா வயிறு நெறையாதும்பாக," என்றாள் ராக்கு. "நீங்க வைக்கிறதில்ல. அதான் நான் வைக்கிறேன்."

உண்மையில் அவளுக்குச் சில நாளாக வயிறு நிறையவே இல்லை. ராக்குவே ஆச்சரியப்படும்படி சாப்பிட்டாள், எழும்போது பசித்தது.

"அவங்க எப்படி இறந்தாங்க?" என்று கேட்டாள். கல்யாணமான இந்த ரெண்டு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி.

ராக்கு தன் இலையில் சோற்றைப் பிசைந்தாள். "சுந்தரம்மாளா? இதே மாதிரி மழதான். ரோடு விழுந்திருச்சு. ஐயா போடியில மாட்டிக்கிட்டாக. நான் சாந்தாம்பாறையில மக வீட்டுல. குளிருக்குக் கரிச்சட்டியப் பத்தவச்சு உள்ள வச்சுக்கிட்டு, கதவு ஜன்னலச் சாத்திப்புட்டுப் படுத்திருக்கு. கரிப்புகை சத்தமில்லாமக் கொல்லும்லத்தா. வாசலப் பாக்கக் கெடந்துச்சு. எந்திரிச்சு வந்திருக்கும்போல."

"எதுக்கு வாசலுக்கு?"

"ஜீப்பு வருதான்னு பாக்கத்தான். வேற எதுக்கு? ஐயா கீழ போனாப் போதும், சத்தம் கேக்குதா, சத்தம் கேக்குதான்னு என் உசுர எடுத்துப்புடும்."

"எங்க கெடந்தாங்க?"

ராக்கு எச்சில் கையால் முன்னறையைக் காட்டினாள். வாசல்நிலை. ஆணிக்கு நேர் கீழே.

கல்யாணத்தன்று நடந்தது அப்போது பொன்னுமணிக்கு ஞாபகம் வந்தது. தாலி ஏறுவதற்குமுன் மாமியார் பாண்டியம்மாள் சுந்தரம்மாளின் சேலையை அவள் தோளில் போர்த்தி, படையல் இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள். சொல்லச் சொன்னதைப் பொன்னுமணி சொன்னாள். "ஓன் எடம் எனக்கு. என் எடம் ஒனக்கு." மூத்தவள் மனம் குளிர அந்த வீட்டில் எல்லா இளைய பெண்டாட்டிகளும் சொல்வதாம். மேலே படிக்க விடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் இந்த நாலு வார்த்தை என்ன பெரிசு? பாதிக் கவனத்தோடு, நல்ல தெளிவான உச்சரிப்பில் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ராக்கு ஆணிக்குக் கீழே கைகாட்டிய அன்றைக்குத்தான் பயம் வந்தது. மெதுவாக, காலில் ஏறும் ஈரம்போல.

வாசலில் நிற்பது அதோடு நிற்காது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தட்டில் அவள் தினமும் பார்க்கிற கதைதானே? செத்த ஜோடி, உயிரோடிருப்பதன் மேல் தன்னைக் கொட்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள் சுந்தரம்மாள் வந்து நிறையப் போகிறாள். ஒரு நாள் ஜீப்புச் சத்தத்துக்கு இவள் காது தானாக நிமிரும். இவள் வாயிலிருந்து அவள் பேசுவாள். பொன்னுமணி என்ற பெயர், அச்சாகுமுன்பே, அடியில் போய்விடும்.

ஓடிப்போக வழியில்லை. கீழே ரோடு இல்லை. அட்டை மொய்க்கும் காட்டில் இந்த மழையில் இறங்கினால் பிணமாகத்தான் போய்ச் சேர வேண்டும். மிச்சமிருந்த தட்டுகளை முடிப்பது ஒன்றுதான் அவளால் ஆகிற காரியம். அந்த எண்கள் அவளுடையவை. யார் வந்து நிறைந்தாலும் அவற்றை எழுதியவள் அவள்.

எழுதிக்கொண்டே தன்னைக் காவல் காத்தாள். காலையில் எழுந்ததும் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். ரசம் போன கண்ணாடி, முகம் கலங்கலாகத் தெரிந்தது. உடம்பு கனக்கிறதா என்று கவனித்தாள். கனக்கவில்லை. சோப்புப் போட்டாலும் கழற்ற வராத கல்யாண வளையல்கள், கையைத் தொங்கவிட்டால் விரல் வழியே நழுவித் தரையில் விழுந்து சுழன்றன. நிறைகிறவளுக்கு வளையல் ஏன் கழலும்? பயத்தில் இளைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ராக்கு அக்கா."

ராக்கு திரும்பவில்லை. மழைச்சத்தம். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். ராக்கு தலையை நிமிர்த்தி, அவள் நின்ற சமையலறைப் பக்கம் பார்க்காமல், முன்வாசலைப் பார்த்து, "என்னத்தா?" என்றாள்.

"நான் இங்க இருக்கேன்."

ராக்கு திடுக்கிட்டாள். "இப்பத்தான வாசல்ல நின்னீக? அதுக்குள்ள எப்பிடி இங்ஙன வந்தீக?"

"நான் வாசலுக்கே போகல."

ராக்கு அடுப்பை விட்டு எழுந்தாள். கண்ணைச் சுருக்கி, தூரத்தில் இருப்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் பேசியதெல்லாம் வாசலைப் பார்த்துத்தான்.

முன்னறையில் குறைவு ரெண்டு சாணை நெருங்கியிருந்தது. பொன்னுமணி மேசையில் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பிடரியில் குளிர். மூச்சுச்சத்தம் எதுவுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாசனை மட்டும் வந்தது. ஏலக்காய் இல்லை. கரி. தணிந்த கரியின் உலர்ந்த, இனிப்பான நெடி. தலைமயிரில் புகை பிடித்த நெடி.

திரும்பிப் பார்க்கவில்லை. அளந்தாள். பேரியம். அடுத்த கோடு. அடுத்தது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மானியை மாட்டிப் பார்த்தபோது முள் முழு வெளிச்சத்தில் நின்றது.

நம்பாமல் சுவர் முழுக்க நகர்த்திப் பார்த்தாள். தரை, முழங்கால், இடுப்பு, கழுத்து. எங்கும் குறைவு இல்லை. வாசலில் எதுவும் நிற்கவில்லை.

போய்விட்டாள்.

பொன்னுமணி அழுதாள். அழுது முடித்து, தன் பெயரைச் சொல்லிப் பார்த்து, உட்கார்ந்து, மடமடவென்று வேலை செய்தாள். ஸ்டோரிலிருந்து ராக்கு யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பறிப்பு ஆட்கள் வந்திருப்பார்கள். ரோடு சரியாகிவிட்டது போல. அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. வெளியே பகல் குறையக் குறைய, மேகம் ஜன்னலை மூட மூட, ஒரே மூச்சில் கடைசித் தட்டின் கடைசிக் கோட்டுக்கு வந்தாள். எழுதினாள். முடிந்தது.

முதுகை நிமிர்த்தி, பழக்கத்தில், ஒளிமானியைத் திரும்பிப் பார்த்தாள்.

முழு வெளிச்சம். முள் அசையவில்லை.

திருப்தியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு மெல்ல, மறுபடி, திரும்பினாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. விலகி நிற்கவில்லை. பெட்டிக்கும் ஆணிக்கும் நேர் நடுவே, நாற்காலியில், உட்கார்ந்திருக்கிறாள். அவள் நிழல் மானியின் மேல் விழ வேண்டும். முள் அடியில் கிடக்க வேண்டும்.

முழு வெளிச்சம்.

கையைத் தூக்கி ஆட்டினாள். முள் அசையவில்லை. எழுந்து பெட்டியின் முகத்தைத் தன் வயிற்றால் மறைத்தாள். எதிர்ச்சுவர் அப்படியே பால்போல் வெளுத்திருந்தது. நாற்காலியின் நிழல் இருந்தது. நாற்காலிச் சட்டங்களின் நிழல்கூடத் தனித்தனியாக இருந்தது.

இத்தனை நாளும் வாசலில் நின்றதைத்தான் அளந்தாள். தன்னை அளக்கவே இல்லை. அளக்கிறவள் எப்போதும் விலகி நின்றுவிடுவாள், அவள் மாறமாட்டாள் என்று வைத்துக்கொண்டாள். அங்கே ஒரு விரல் கூடியபோது இங்கே ஒரு விரல் குறைந்திருக்கிறது. நாலு விரல். ஒரு சாண். செத்தது கொட்டவில்லை. குடித்திருக்கிறது.

தாள்களைப் புரட்டினாள். முதல் தாளில் எழுத்து கன்னங்கரேலென்று இருந்தது. அடுத்ததில் சாம்பல். அதற்கடுத்ததில் பூச்சி ஊர்ந்த தடம்போல. இன்றைய தாள் வெறும் வெள்ளை. அழுத்தித்தான் எழுதியிருந்தாள்.

ஸ்டோரில் ராக்கு சிரித்தாள். "போதும்த்தா, வயித்த வலிக்குது!"

பதிலுக்கு ஒரு சிரிப்பு. அதைப் பொன்னுமணிக்குத் தெரியும். தன் தொண்டையிலிருந்து வருவது அது.

ஜீப்பு.

கீழே எங்கோ, வளைவுக்கு அப்பால், கியர் மாற்றி முனகும் சத்தம். அவள் ஓடினாள். அவரைத் தொட்டுவிட்டால் போதும். கையைப் பிடித்துவிட்டால். அந்த உடம்பின் சூடு தன் மேல் பட்டுவிட்டால். முதலில் நான் போய் நின்றுவிட்டால்.

முற்றத்தில் மழை. மேகத்துக்குள்ளிருந்து ரெண்டு மஞ்சள் வட்டங்கள் ஏறி வந்தன. விளக்கின் நேர் எதிரே போய் நின்றாள். கைகளை விரித்தாள்.

"என்னங்க!"

வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. நிற்காமல் போனது. பின்னால் வீட்டுச் சுவரில், ஓட்டுக்கூரை விளிம்பு தெரிய, திறந்த கதவு தெரிய, முழுசாகப் போய் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குள், ஸ்டோர்ப் பக்கமிருந்து ஒருத்தி நடந்து வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் நிழல். தலை, கொண்டை, தோள். கறுப்பு. ஓரம்கூட மங்காத கறுப்பு.

காசிராஜன் ஜீப்பை நிறுத்திவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குதித்தான். ரோடு சரியாவதற்குள் தவித்துப்போனதை அவன் முகம் சொன்னது. பொன்னுமணி குறுக்கே பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் நடந்துகொண்டே இருந்தான்.

"பொன்னு!" என்று கூப்பிட்டான். வாசலைப் பார்த்து. "பயந்து எளச்சுப் போயிருப்பன்னுல்ல நெனச்சேன். நல்லா சதை போட்டிருக்கியே!"

"ராக்கக்கா சோறு அப்பிடி," என்றது அவள் குரல். "வாங்க உள்ள. நனையாதீக."

"ஓன் கணக்கெல்லாம் என்னாச்சு?"

"முடிஞ்சு போச்சு."

அவன் படியேறினான். வாசலில் நின்றவள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி, கதவின் ஒரு பலகையைச் சாத்தினாள். மறு பலகையில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் முற்றத்தைப் பார்த்தாள். எதையும் தேடுகிற பார்வை இல்லை அது. மழை எப்போது விடும் என்று பார்ப்பவளின் பார்வை. பிறகு சாத்தினாள்.

பொன்னுமணி கத்தினாள். மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

குளிரவில்லை. சேலை உடம்பில் ஒட்டவில்லை. கண்ணிமையில் ஒரு துளி இல்லை.

குனிந்து பார்த்தாள்.

கொட்டுகிற மழையில் செம்மண் முற்றம் முழுவதும் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலும் துள்ளியது. பாதம் இருக்க வேண்டிய அந்த ரெண்டு சுவட்டளவு மண்ணிலும் துளிகள் நேராக, தடையில்லாமல், வந்து விழுந்து விழுந்து தெறித்தன.